மூன்று நிமிட விளக்கு

என் வேலை சின்னது.
பேச வந்தவர் தன் பெயரைச் சொல்லி முடித்ததும்
பொத்தானை அமுக்க வேண்டும்.
பச்சை.
இரண்டு நிமிடம் போனால் மஞ்சள்.
மூன்றாவதில் சிவப்பு.
நெப்ராஸ்கா சட்டமன்றத்தின் விசாரணை அறையில்
பதினோரு வருடமாக
நேரம் என்பது என் ஆட்காட்டி விரல்.

பிப்ரவரி. வாசற்படியில் உப்புத் தூவியிருந்தார்கள்.
பழுதுபார்க்கும் உரிமை பற்றிய மசோதா.
பதினாறாவதாக வந்தவள் ஆர்லிஸ் ஹ்ரூஷ்கா,
நானூறு ஏக்கர் மக்காச்சோளம்.
கோட்டைக் கழற்றாமலே உட்கார்ந்தாள்.
கட்டைவிரல் பருமனில் ஒரு சென்சாரை
மேசைமேல் வைத்து
மைக் பக்கம் நகர்த்தினாள்,
அதுதான் பேசப்போகிறது என்பதுபோல.

பச்சை.

"இதன் விலை பதினெட்டு டாலர்.
மாட்டத் தெரியும், மாட்டினேன்.
டிராக்டருக்கு என்னைத் தெரியவில்லை.
அங்கீகரிக்கப்பட்டவரை அழைக்கவும் என்றது திரை.
எங்கள் கவுண்டியில் மூன்று கடை இருந்தது.
மூன்றையும் ஒரே ஆள் வாங்கினார்.
இரண்டை மூடினார்.
அப்புறம் அந்த இன்னொன்றையும்.
அங்கீகரிக்கப்பட்டவர் வர நான்கு நாள் ஆகும்.
மழை வர இரண்டு நாள்தான் இருந்தது."

பின் வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

"கடைசித் தவணை போன வருடமே கட்டியாயிற்று.
இரும்பு என்னுடையது. டயர் என்னுடையது.
எந்தக் குழியில் எந்த விதை விழுந்தது என்ற கணக்கு மட்டும்
அவர்களுடையதாம்."

கிணற்றைத்தான் விற்றேன், தண்ணீரை அல்ல
என்று வழக்காடியவன்
கடைசியில் தோற்றதாகத்தான் கதை.
அவனுக்கு நல்ல வக்கீல் அமையவில்லை.

மஞ்சள்.

மஞ்சளைக் கண்டால் எல்லோரும் ஓடுவார்கள்.
இவள் நடந்தாள்.

"ஒப்பந்தத்தை அச்செடுத்துப் பார்த்தேன், அறுபத்திரண்டு பக்கம்.
நான் எங்கே ஒப்புக்கொண்டேன் என்று தேடினேன்.
நாற்பத்தொன்றில் இருக்கிறது:
சாவியைத் திருகியதே சம்மதம்."

அங்கே சிவப்பு வந்திருக்க வேண்டும்.
விரலை எடுத்துவிட்டேன்.
பதினோரு விநாடி.
என் வேலைக்காலத்தில் நான் செய்த ஒரே களவு.
அவளுக்கு அது தெரியாது.
பேசாமல் எட்டு செனட்டர்களையும் ஒவ்வொருவராகப் பார்த்தாள்.
இருவர் போனைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

சிவப்பு.

"கேள்விகள் உண்டா?" என்றார் தலைவர்.
இல்லை.

அடுத்து திரு. லெடியார்ட், கம்பெனி வழக்கறிஞர்.
இரண்டரை நிமிடத்தில் முடித்தார், பண்பான மனிதர்.
கேள்விகள் உண்டா?
உண்டு. உண்டு. எனக்கும் ஒன்று.
கேள்விக்குப் பதில் சொல்லும்போது விளக்கு எரியாது,
அது விதி.
இருபத்தாறு நிமிடம் என் விரல் சும்மா கிடந்தது.
பாதுகாப்பு என்ற சொல் ஒன்பது முறை வந்தது.
எல்லோரையும் கெட்டவர்கள் என்று சொல்ல மாட்டேன்.
ஒருவர் தொகுதியில் அவர்களுடைய தொழிற்சாலை,
எழுநூறு குடும்பம்.
ஒருவருக்குத் தேர்தல் நெருங்கியிருந்தது.
ஒருவர் உண்மையாகவே நம்பினார்,
மென்பொருளைத் தொட்டால் வண்டி வெடிக்குமென்று.

மசோதா தோற்கவில்லை.
தோற்க வேண்டுமென்றால் வாக்கெடுக்க வேண்டுமே.
அது கோப்பில் இருந்தது,
ஏப்ரல் போனது, மே போனது,
கூட்டத்தொடர் முடிந்தபோது
கோப்பும் முடிந்தது.

சென்சாரை மறந்துவிட்டுப் போயிருந்தாள்.
சான்றாகச் சேர்க்கலாமா என்று கேட்டேன்.
பன்னிரண்டு பிரதி இருந்தால் சேர்க்கலாம் என்றார்கள்.
போன் செய்தேன்.
பின்னால் ஏதோ எஞ்சின் உறுமிக்கொண்டிருந்தது.
"வைத்துக்கொள், வேறு வாங்கிவிட்டேன்" என்றாள்.
எப்படி ஓடுகிறது என்று நான் கேட்கவில்லை.
அவளும் சொல்லவில்லை.

நடவடிக்கைக் குறிப்பில் அவள் பக்கத்தைப் புரட்டினேன்.
எல்லாம் இருக்கிறது, டயர், மழை, நாற்பத்தொன்றாம் பக்கம்.
அந்தப் பதினோரு விநாடி இல்லை.
சம்மதம் என்ற சொல்லுக்குக் கீழே
நேராக லெடியார்டின் பெயர்.

இழுப்பறையைத் திறக்கும்போதெல்லாம்
அது முன்னுக்கு உருண்டு வருகிறது.